ஒன்பதரை மணி எண்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். அதற்கு மேல் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தேன், அவ்வளவுதான். கம்ப்யூட்டரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சர்ச்சில் சாட்சி சொல்ல விருப்பமுள்ளவர்கள் எழுந்து நிற்கலாம் என்று போதகர் சொன்னால் தூணுக்குப் பின்னால் நகர்ந்துவிடுவேன். இருந்தாலும், ஆம்பூரில் ஒரு அம்மா செய்த வேலையை ஏழு வருஷம் போன் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். அதனால் துணிந்து எழுதுகிறேன். இதில் பிழை இருந்தால் அது என்னுடையது, அவருடையது அல்ல.

தொண்ணூறுகளின் நடுவில் பேரணாம்பட்டில் ஒரு டேனரியின் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தேன். பதப்படுத்தி, சாயமேற்றி, பளபளப்புக் கொடுத்து முடித்த தோல் அங்கே கட்டுக் கட்டாக வந்து இறங்கும். ஒரே வேலையில் முடிந்த தோலெல்லாம் சேர்ந்து ஒரு லாட். ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு எண், இத்தனை கட்டு, இத்தனை சதுர அடி, இன்ன ரேக் என்று பதிவது என் வேலை. அந்தத் தோலை ஷூவாகத் தைக்கும் ஃபேக்டரி ஆம்பூரில் இருந்தது. முதலாளி ஒருவரேதான், ஆனால் லீவு வேறு வேறு. தொழுகை நாள் என்பதால் எங்கள் டேனரிக்கு வெள்ளிக்கிழமை லீவு. வெளிநாட்டு வியாபாரத்தை ஒட்டி ஆம்பூர் ஃபேக்டரிக்கு ஞாயிறு லீவு. ஞாயிற்றுக்கிழமை நான் விடியற்காலை ஆராதனைக்குப் போய்விட்டு நேரே கிடங்குக்கு வந்துவிடுவேன். பின்னால் நடந்ததெல்லாம் இந்த லீவு வித்தியாசத்தால் நடந்ததுதான்.

ஆரம்பத்தில் இரண்டு ஊரிலும் தனித்தனிக் கம்ப்யூட்டர். அன்றன்றைய லாட்டுகளைச் சாயங்காலம் ஃப்ளாப்பியில் ஏற்றி வேன் டிரைவர் கையில் கொடுப்பேன். தோல் தூசி படாமல் இருக்க அவர் அதைத் தன் சாப்பாட்டு கேரியரின் காலி அடுக்கில் வைத்து எடுத்துப் போவார். ஒரு நாள் அந்த அடுக்கு காலியாக இல்லை. புளிக்குழம்பில் ஊறிய அன்றைய கணக்கை மறுநாள் முழுக்க உட்கார்ந்து திரும்ப அடித்தேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து இரண்டு ஊர்க் கம்ப்யூட்டர்களையும் இணைக்கும் தனி லைன் வந்தது. ஆம்பூரில் மெயின் சர்வர். எங்கள் கிடங்கின் மூலையில், கண்ணாடி அடைத்த சின்ன அறையில் அதற்கு ஒரு நகல் சர்வர். நான் இங்கே திரையில் போடும் பதிவு லைன் வழியாக ஆம்பூருக்குப் போய் மெயினில் உட்காரும். ஆம்பூரில் நேரே வந்து இறங்கும் தோலுக்கும் அதே வரிசையில்தான் எண் விழும். மெயினில் உட்கார்ந்ததெல்லாம் சில நொடிகளில் இங்கே நகலுக்குத் திரும்பி வரும். கிடங்கில் யார் எதைத் தேடினாலும் நகலில் பார்த்துக்கொள்ளலாம்.

மெயினைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் ஆபா என்றார்கள். உருதுவில் அக்கா என்று பொருள். அவரை நேரில் பார்ப்பதற்கு ஒரு வருஷம் முன்பே குரல் பழக்கமாகிவிட்டது. கனமான, அவசரப்படாத குரல். உயரமான பெண் என்று நினைத்திருந்தேன். ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது என் தோள் உயரம்தான் இருந்தார். வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பில் ஆறு மாதம் படித்தாராம். மீதியெல்லாம் தானே பார்த்துப் பழகியது. என்னை அவர் சிஸ்டர் என்பார். எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவப் பெண் என்றால் நர்ஸ் ஆகாவிட்டாலும் சிஸ்டர்தான்.

நகல் எப்படி வேலை செய்கிறது என்று முதல் வாரமே எனக்குச் சொன்னார்.

"உங்க சர்வருக்குள்ள ரெண்டு ஆள் இருக்காங்கன்னு வெச்சுக்கோங்க சிஸ்டர். ஒருத்தன் ஆம்பூருக்கு வந்து, இங்க என்ன எழுதினோம்னு சீட்டு வாங்கிட்டு வர்றவன். இன்னொருத்தன் அந்தச் சீட்டைப் பார்த்து உங்க நோட்ல அப்படியே எழுதறவன். ஏதாவது கோளாறுன்னா மொதல்ல எவன் நின்னுட்டான்னு கேளுங்க. கொண்டு வர்றவனா, எழுதறவனா. பாதி வேலை அதுலயே முடிஞ்சிடும்."

தினமும் காலை ஒன்பதரைக்கும் சாயங்காலம் நாலுக்கும் போன் வரும். அவர் பக்கத்தில் கடைசியாக விழுந்த லாட் எண்ணைச் சொல்வார். நான் என் நகலில் கடைசி எண்ணைச் சொல்வேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் "சரி, டீ குடிங்க" என்று வைத்துவிடுவார். இரண்டு எண்ணையும் தேதி போட்டுச் சுவரில் ஒட்டிய தாளில் எழுதுவாராம். சனிக்கிழமைகளில் இன்னொன்றும் கேட்பார். திடீரென்று ஏதோ ஒரு தேதி சொல்லி, "அன்னிக்கு மொத்தம் எத்தனை அடி?" என்பார். நான் நகலில் கூட்டிச் சொல்ல, அவர் மெயினில் கூட்டியதோடு ஒப்பிடுவார்.

எனக்கு இது அதிகப்படியாகத் தோன்றியது. "லைட்டெல்லாம் பச்சையா, நல்லா ஓடிட்டு இருக்குதே ஆபா" என்று ஒரு முறை சொன்னேன்.

"ஓடுறது வேற, ஒத்து வர்றது வேற சிஸ்டர். தப்பான ஊருக்குப் போற பஸ்ஸும் ஓடத்தான் செய்யுது."

அவருடைய கண்ணும் கையும் பேரணாம்பட்டில் நான்தான். எனக்கு இங்கிலீஷ் தடுமாறும். திரையில் வரும் வாக்கியத்தை எழுத்து எழுத்தாகச் சொல்வேன். அவர் அங்கே எழுதிக்கொண்டு, என்ன செய்வதென்று எழுத்து எழுத்தாகத் திரும்பச் சொல்வார். இதில் ஒரு நாளும் அவர் சலித்துக்கொண்டதில்லை.

ஒரு மழைக்காலத்தில் லைன் விட்டு விட்டுப் போனது. கொண்டு வருகிறவன் மத்தியானமானால் நின்றுவிடுவான், சாயங்காலம் தானாக ஓடுவான். டெலிபோன்காரர்கள் வந்து பார்த்து லைனில் குறை இல்லை என்று போய்விட்டார்கள். ஆபா இரண்டு நாள் எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் போனில் கேட்டார்.

"சிஸ்டர், உங்க கால்ல வெள்ளிக் கொலுசு இருக்குதா?"

"இருக்குது ஆபா."

"கருத்துப் போயிருக்குதா?"

குனிந்து பார்த்தேன். கரிக்கட்டையாக இருந்தது. டேனரியில் வேலை செய்கிறவர்கள் யாருக்கும் வெள்ளி வெள்ளையாக இருக்காது. சுண்ணாம்புத் தொட்டியைக் கலக்கும்போது வரும் வாடைக்குக் கருத்துவிடும். அது எங்களுக்குச் சாதாரணம், அதனால் யாரும் யோசிக்கவில்லை. மத்தியானம்தான் தொட்டிகளைக் கலக்குவார்கள்.

"கொலுசுக்கு ஆவுறது சர்வருக்குள்ளயும் ஆவும். ஆஃப் பண்ணிட்டு, லைன் வந்து சேர்ற கார்டைக் கழட்டுங்க. ஓரத்துல பல்லு பல்லா இருக்கும். ஸ்கூல் ரப்பர் இருக்குதா? பென்சில் அழிக்கிறது. அதால தேய்ங்க."

தேய்த்தேன். ரப்பர் கறுப்பாயிற்று. பல் பளபளத்தது. லைன் நின்றது. நான் சொல்வது, நிலையாக நின்றது. அதற்குப் பிறகு மாதம் ஒரு முறை ரப்பர் வாங்குவது கிடங்கின் செலவுகளில் ஒன்றாகிவிட்டது. இருபது கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து என் கொலுசைப் பார்த்த அந்த அம்மாவை அன்றைக்கு நினைத்து நினைத்து ஆச்சரியப்பட்டேன்.

ஆனால் சின்ன முதலாளிக்கு இதெல்லாம் தெரியாது. பெரிய முதலாளியின் மகன், ஆம்பூர் ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்பவர். ஆம்பூர்ப் பட்டியலில் ஒரு லாட் ஆறாம் ரேக்கில் இருக்கும், பேரணாம்பட்டில் தேடினால் இரண்டாம் ரேக்கில் இருக்கும். இப்படி இரண்டு முறை ஆனது. இரண்டு முறையும் கட்டை இடம் மாற்றிவிட்டுச் சொல்லாமல் விட்டவர்கள் எங்கள் கிடங்கு ஆட்கள். பழி சர்வர் மேல் விழுந்தது. எங்கள் ஷூவை வாங்கும் ஜெர்மன்காரர் தோலை ஆய்வு செய்ய வரப் போகிறார் என்று செய்தி வந்தபோது சின்ன முதலாளி ஆபாவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். அந்த ஆள் ஆம்பூர்ப் பட்டியலில் கை வைக்கும் லாட்டெல்லாம் பேரணாம்பட்டு ரேக்கில் அப்படியே இருக்க வேண்டும். இல்லையென்றால் லைனும் வேண்டாம், சர்வரும் வேண்டாம். பழையபடி நோட்டும் ஃபேக்ஸும் போதும். ஆபா தையல் ஹாலில் ஜோடி எண்ணும் வேலைக்குப் போய்விடலாம்.

இதை ஆபாதான் எனக்குச் சொன்னார். "எண்ணுறது கேவலம் இல்ல சிஸ்டர். ஆனா நான் இதைக் கத்துக்க எட்டு வருஷம் ஆச்சு" என்றார். 

ஆய்வு ஒரு திங்கட்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு. அதற்கு முந்தின நாள் ஞாயிறு.

ஞாயிறு காலை பத்து மணிக்கு லைன் போனது. ஆம்பூரில் லீவு, கேட்க ஆளில்லை. லைன் இல்லாத நாளில் என்ன செய்ய வேண்டும் என்று ஆபா முன்பே சொல்லியிருந்தார். நோட்டில் எழுது, லேபிளைக் கையால் எழுதி ஒட்டு, லைன் வந்ததும் திரையில் போடு. நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். வெளியில் இன்னொரு ஷெட்டிலிருந்து லாரி வந்து நின்றது. ஏழு லாட், அறுபத்திரண்டு கட்டு.

கிடங்கு மேஸ்திரி வந்து எட்டிப் பார்த்தார். நான் எப்போதும் நோட்டும் கையுமாக இருப்பதால் என்னை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார்.

"இன்னா டீச்சரம்மா, கையால எழுதினு இருக்கற? நாளைக்கு வெள்ளைக்காரன் வர்றான். எல்லா ரேக்குலயும் பிரிண்ட் லேபிளு, இதுல மட்டும் பேனா கிறுக்கலு. என் மானம் பூடும்."

"லைன் இல்ல மேஸ்திரி."

"அந்தக் கண்ணாடி ரூம்ல இருக்கறது இன்னா, அம்மியா? அதுல போடு."

சர்வர் விற்ற கம்பெனிக்காரர் ஒரு முறை சோதனைக்காக என் திரையை ஆம்பூருக்குப் பதிலாக எங்கள் நகலோடு இணைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தேன். ஒரு சின்னக் கோப்பில் ஒரே ஒரு வரியை மாற்ற வேண்டும். அந்த வரி எனக்கு ஞாபகம் இருந்தது. அதை நினைவில் வைத்திருந்ததில் ஒரு பெருமையும் இருந்தது. இரண்டும் ஒரே கணக்குதானே, எந்தப் பக்கம் எழுதினாலும் லைன் வந்ததும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைத்தேன். கொண்டு வருகிறவன் ஒருத்தனைப் பற்றித்தான் ஆபா சொல்லியிருந்தார், கொண்டு போகிறவன் என்று யாரையும் சொல்லவில்லை. அதை நான் யோசிக்கவில்லை.

வரியை மாற்றினேன். ஏழு லாட்டையும் போட்டேன். நகல் எனக்கு 41,207 முதல் 41,213 வரை எண் கொடுத்தது. லேபிள் அடித்து அறுபத்திரண்டு கட்டிலும் ஒட்டினார்கள். மேஸ்திரிக்குச் சந்தோஷம். சாயங்காலம் வரியைப் பழையபடி மாற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்று நான் எதையோ சாதித்தவளாக உணர்ந்தேன்.

திங்கட்கிழமை விடியலில் லைன் வந்துவிட்டிருந்தது. ஒன்பதரைக்குப் போன்.

"எனக்கு நாலு ஒண்ணு ரெண்டு ஜீரோ ஒன்பது. உங்களுக்கு?"

பார்த்தேன்.  "நாலு ஒண்ணு ரெண்டு ஒண்ணு மூணு."

"திருப்பிச் சொல்லுங்க."

திருப்பிச் சொன்னேன். 

"பின்தங்கிப் பார்த்திருக்கேன் சிஸ்டர். காப்பி எப்பிடி மெயினுக்கு முன்னாடி போவும்? பொண்ணு பொறந்து அப்பறம் அம்மா பொறந்த மாதிரி இருக்குதே. நேத்து யாராவது எதையாவது தொட்டாங்களா?"

சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பக்கம் சின்ன முதலாளியின் குரல் கேட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள்.

"இன்னா, மறுபடியும் பேஜாரா? இன்னிக்கா?"

"தெரியல ஆபா" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் அதிகம் பொய் சொன்னதில்லை. தைரியம் இல்லாததுதான் காரணம். அன்றைக்கும் தைரியம் இல்லாமல்தான் சொன்னேன்.

"சரி. ஒண்ணொண்ணா பார்ப்போம்" என்றார் ஆபா. அவருடைய நாற்காலியே அன்று மூன்று மணி ஆய்வை நம்பித் தொங்கிக்கொண்டிருந்தது. குரலில் அது தெரியவில்லை.

கொண்டு வருகிறவன் ஓடுகிறானா என்று கேட்டார். ஓடுகிறான். எழுதுகிறவன்? நின்றிருந்தான். திரையில் இருந்த வாக்கியத்தை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். ஒரே எண் இரண்டு முறை வருகிறது, 41,207, என்பதுதான் அதன் பொருள். இன்னொரு போனில், சர்வர் விற்ற கம்பெனியின் சென்னை என்ஜினியரிடம் அவர் பேசுவது எனக்குக் கேட்டது. அந்த ஒரு சீட்டைத் தாண்டி எழுதச் சொல்லுங்கள், ஒரு கட்டளைதான், ஐந்து நிமிஷத்தில் ஓடிவிடும் என்று என்ஜினியர் சொல்லியிருக்க வேண்டும்.

"தாண்டலாம் சார். ஆனா எதைத் தாண்டுறேன்னு தெரியாம தாண்ட மாட்டேன்" என்று ஆபா சொன்னார். சின்ன முதலாளி ஏதோ கோபமாகச் சொன்னதும், கதவு சாத்திய சத்தமும் கேட்டன.

பிறகு ஆபா என்னிடம் பேசினார். சத்தம் மாறியிருந்தது. ஸ்பீக்கரை அணைத்துவிட்டார்.

"சார் கீழ போயிட்டார் சிஸ்டர். இப்ப ரூம்ல நான் மட்டும்தான். உங்க பக்கம் 41,207ல என்ன இருக்குதுன்னு படிங்க."

"கறுப்பு, கன்னுத் தோலு, ஒன்பது கட்டு, ரேக் ஆறு." அதற்கு மேல் படிக்க முடியவில்லை. "நான் போட்டது ஆபா. நேத்து லைன் இல்ல. வரியை மாத்தி இங்கயே போட்டேன். அந்தப் பக்கம் வந்துடும்னு நெனச்சேன்."

அவர் தாளை இழுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

"எத்தனை?"

"ஏழு."

"நோட்ல எழுதினீங்களா?"

"எழுதிட்டுத்தான் போட்டேன்."

"அல்ஹம்துலில்லாஹ். அப்போ பொழைச்சோம். அழுவாதீங்க சிஸ்டர், கீபோர்டு நனஞ்சா அதையும் நான்தான் பார்க்கணும்."

என்ன நடந்தது என்று அவர் எனக்கு விளக்கினார். நேரமில்லாத அந்தக் காலையிலும் விளக்கினார். ஆம்பூரில் திங்கட்கிழமை வேலை தொடங்கியதும் அவர்களுக்கும் 41,207 விழுந்தது. அந்தச் சீட்டு இங்கே வந்தது. எழுதுகிறவன் நோட்டைத் திறந்தால் 41,207 ஏற்கெனவே இருக்கிறது. எது உண்மை என்று அவனுக்குத் தெரியாது, பேனாவை மூடிவிட்டு உட்கார்ந்துவிட்டான். அவனைத் தாண்டச் சொல்லியிருந்தால் எல்லாம் பச்சையாக ஓடியிருக்கும். ஆனால் ஒரே எண்ணுக்கு ஆம்பூரில் ஒரு தோல், பேரணாம்பட்டில் வேறு தோல். ஜெர்மன்காரர் அதில் ஒன்றைக் கேட்டிருந்தால் ஆபாவின் கதை முடிந்திருக்கும்.

நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஏழையும் படித்தேன். அவர் எழுதிக்கொண்டார். நகலிலிருந்து ஏழையும் நீக்கச் சொன்னார். நீக்குவதற்கு முன், நீக்கப் போவதை மட்டும் திரையில் காட்டச் சொல்லி எண்ணச் சொன்னார்.

"எத்தனை இருக்குது?"

"ஏழு."

"இன்னொரு தடவை எண்ணுங்க."

"ஏழு ஆபா."

"இப்ப எடுங்க."

எடுத்தேன். எழுதுகிறவனை எழுப்பினோம். காலையிலிருந்து குவிந்திருந்த சீட்டுகளை அவன் ஒரு மூச்சில் எழுதி முடித்தான். இரண்டு பக்கமும் 41,231 ஆயிற்று. பிறகு என் திரை வழியாக, லைனில், முறையாக ஏழு லாட்டையும் ஆம்பூருக்குப் போட்டேன். இந்த முறை 41,232 முதல் 41,238 வரை வந்தது. நான் கை எடுப்பதற்குள் அவை நகலுக்கும் வந்து உட்கார்ந்தன. அப்போது மணி பன்னிரண்டு இருக்கும்.

"ஓடுது ஆபா" என்றேன். எனக்குக் கட்டுகளில் லேபிள் மாற்ற வேண்டும் என்ற அவசரம்.

"ஓடுது. ஒத்து வருதா? சனிக்கிழமை மொத்த அடி சொல்லுங்க."

எனக்கு எரிச்சலே வந்தது. அறுபத்திரண்டு கட்டு காத்திருக்கிறது, இவர் சனிக்கிழமைக் கணக்கைக் கேட்கிறார். கூட்டிச் சொன்னேன். அவரும் கூட்டினார்.

"எனக்கு எழுபத்திரண்டு அடி ஜாஸ்தி வருது."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஞாயிறு அன்று வரியை மாற்றியிருந்த நேரத்தில் மேஸ்திரி இன்னொரு வேலையும் சொல்லியிருந்தார். சனிக்கிழமை லாட் ஒன்றில் 1,408 அடியை நான் 1,480 என்று போட்டிருந்தேன். அதைத் திருத்தியிருந்தேன், நகலில். புதிதாக ஒன்று சேர்த்தால் எண் மோதும், எழுதுகிறவன் நின்று காட்டிக்கொடுப்பான். இருப்பதைத் திருத்தினால் மோதாது, நிற்காது, யாருக்கும் தெரியாது. இரண்டு ஊரும் இரண்டு விதமாகச் சொல்லிக்கொண்டு பச்சையாகவே ஓடிக்கொண்டிருக்கும். ஆபா எத்தனையோ சனிக்கிழமை கூட்டச் சொன்னது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஆபா ஆம்பூரில் அதையும் திருத்தி, சின்ன முதலாளி கையில் கொண்டு போக இருந்த பட்டியலைத் திரும்ப அடித்துக் கொடுத்தார். "போங்க சிஸ்டர், லேபிளைப் பாருங்க" என்றார்.

லேபிள்களை அடித்துக்கொண்டு ரேக்குக்கு ஓடினேன். மேஸ்திரி இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இன்னா டீச்சரம்மா, நேத்து ஒட்டுனது இன்னிக்குப் பழசாயிடுச்சா? பேப்பர்கூட ஒரு நாளு தாங்குமே."

"நீங்க சொல்லித்தான் மேஸ்திரி போட்டேன்."

"நான் லேபிளுதான் கேட்டேன். வம்பா கேட்டேன்?"

ஆனால் சொல்லிக்கொண்டே பசை டப்பாவை முதலில் எடுத்தவர் அவர்தான். சாப்பாட்டுக்குப் போன ஆட்களை விசிலடித்துக் கூப்பிட்டார். பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு வந்தார்கள். பழைய லேபிளைத் தண்ணீர் தொட்டு உரித்து, புதியதை ஒட்டி, நான் நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்ல, கடைசிக் கட்டு முடிந்தபோது வாசலில் கார் சத்தம் கேட்டது.

ஜெர்மன்காரர் நெட்டையாக, வியர்த்துப் போய் இருந்தார். பட்டியலில் மூன்று இடத்தில் பேனாவால் வட்டமிட்டார். முதல் இரண்டும் பழைய லாட்டுகள், உடனே எடுத்துக் காட்டினோம். மூன்றாவது 41,236. ஞாயிற்றுக்கிழமை லாரியில் வந்தது. ஆறாம் ரேக்குக்குப் போனார். எண்ணைத் தடவிப் பார்த்தார். பசை காயாததால் லேபிள் அவர் கட்டை விரலோடு கொஞ்சம் நகர்ந்தது. விரலைப் பார்த்தார், கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார், கட்டைப் பிரிக்கச் சொல்லித் தோலைப் பார்த்தார். பட்டியலில் சரி என்று குறி போட்டார். எழுபத்திரண்டு அடி லாட்டின் பக்கமே அவர் போகவில்லை.

அவரைத் தேநீருக்கு உட்கார வைத்துவிட்டுச் சின்ன முதலாளி கண்ணாடி அறைக்கு வந்தார். என் மேஜைப் போனில் ஆம்பூரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"ஒத்து வந்துடுச்சு. காலைல இன்னா ஆச்சு, அத்தச் சொல்லு."

"தப்பு என்னோடது சார்" என்றார் ஆபா. "காப்பி சர்வர்ல யாரும் எழுத முடியாதபடி பூட்டி வெச்சிருக்கணும். நான் பூட்டல. மத்தியானம் பூட்டிட்டேன்."

"யாரு எழுதினது?"

"பூட்டாதது நான்தானே சார்" என்றார் ஆபா. நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சின்ன முதலாளி முன்னால் ஒரு முழு வாக்கியம் நான் பேசியதில்லை. தூண் எதுவும் அந்த அறையில் இல்லை.

"நான் எழுதினேன் சார். கேக்காம எழுதினேன். காலைல கேட்டப்பவும் தெரியலன்னு சொன்னேன்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பேசுவேன் என்பதே அவருக்குப் புதிதாக இருந்திருக்கும்.

"ஒருத்தி என் தப்புன்றா. இன்னொருத்தி என் தப்புன்றா. நான் யாருக்கு மெமோ கொடுக்கறது?"

"எனக்குக் கொடுங்க சார்" என்றது ஸ்பீக்கர். "காப்பி அவங்களுக்கு அனுப்புங்க. அதுக்குத்தானே ரெண்டு ஊர்ல சர்வர் வெச்சிருக்கோம்."

சின்ன முதலாளி சிரிக்கக் கூடாது என்று பார்த்தார், முடியவில்லை. போகும்போது வாசலில் நின்று, "லைன் இருக்கட்டும்" என்றார்.

நாலு மணிப் போன் அன்று கொஞ்சம் தாமதமாக வந்தது. எண்கள் ஒத்து வந்தன.

"அந்த எழுபத்திரண்டு அடி லாட்டைப் பார்த்தாரா சிஸ்டர்?"

"இல்ல ஆபா. அந்தப் பக்கமே போகல. வீணா நேரம் போச்சு."

"அவர் பார்க்கலன்னா என்ன, கணக்கு சரியா இருக்கணும் இல்ல. டீ குடிங்க."

மறுநாள் செவ்வாய்க்கிழமை, வேன் டிரைவர் ஒரு உறை கொண்டு வந்து கொடுத்தார். ஆம்பூருக்குப் போட்ட மெமோவின் நகல். அதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டினேன். ஒன்பதரைக்குப் போன் வந்தது. இரண்டு பக்கமும் 41,252.